ஹார்ன் அடிக்காமல் போன வண்டி

ஆர்வோ நிஸ்கலாவைப் பற்றிச் சொல்வதென்றால் கத்தரிக்கோலிலிருந்துதான் தொடங்க வேண்டும். நல்ல துப்பாக்கிக்காரர் என்று அவரை யாரும் சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை. குளிர்காலத்தில் கவுன்டி சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். கோடையில் அதே சாலைகளில் குழி அடைத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கினார். ஆனால் நவம்பர் பதினைந்து நெருங்கிவிட்டால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். மான் வேட்டை சீசன் திறக்கிற அந்த நாளில் எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்கே பூட்டு. கல்யாணம், கருமாதி எதுவாக இருந்தாலும் அந்த வாரத்தில் வைத்தவன் பைத்தியக்காரன் என்று பெயர் வாங்குவான்.

நிஸ்கலா சகோதரர்களின் கேம்ப் சதுப்புக்கு அப்பால், தேவதாரு காட்டுக்குள் இருந்தது. அப்பா கட்டிய மரக்குடில். நடுவில் விறகு அடுப்பு, சுவரோரம் அடுக்குக் கட்டில்கள், வெளியே கல்லைச் சூடாக்கித் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கிற சௌனா. மற்றவர்களுடைய கேம்ப்களில் சுவரில் கொம்பு தொங்கும். இவர்களுடைய பின்சுவரில் துணி தொங்கியது. சிவப்புக் கட்டம், பச்சைக் கட்டம், சாயம் போன பழுப்பு என்று கையகலத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு வருஷம். மானைச் சுட்டுக் குறி தவறியவனின் சட்டைப் பின்நுனி அது. சுட்டாய், மான் விழவில்லை, அன்று சாயங்காலம் உன் சட்டையின் வால் போய்விடும். இதற்கு மேல்முறையீடு கிடையாது.

அந்த வேலைக்குக் கத்தரிக்கோல் பிடித்தவர் ஆர்வோ. அவருடைய அம்மா ஆட்டுக்கு மயிர் கத்தரித்த பெரிய கத்தரிக்கோல். அதை அடுப்பு விளிம்பில் சரக் சரக்கென்று தீட்டிக்கொண்டே வருகிற அழகைப் பார்க்க வேண்டும். சுவரில் அவர் பெயரில் ஒரு துண்டுகூட இல்லை. அவர் சுட்டால்தானே தவறுவதற்கு!

"இவன் துப்பாக்கிக் குழாய்க்குள்ள எலி குட்டி போட்டுருக்கும்" என்பான் புரூனோ. டவுனில் கறிக்கடை வைத்திருந்தவன், வாய் நிறைய பல்லும் பேச்சுமாக இருப்பான். "சுட்டா பாவம் அதுங்க வீடு போயிரும்னு இரக்கப்படுறான்."

"நீ வாயாலயே இத்தனை மானச் சுட்டுட்ட. மிச்சம் இருக்கறதயாவது நான் காப்பாத்த வேண்டாமா?" என்பார் ஆர்வோ.

சீசனுக்கு முந்தைய சாயங்காலம் இறைச்சியும் கிழங்கும் அடைத்த பாஸ்டியைச் சுடச்சுடத் தின்றபடி ஒரு சுற்று நடக்கும். மான் வேட்டையில் உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்? ஒவ்வொருவனும் சொல்ல வேண்டும். வெங்காயம் போட்டு வறுத்த முதல் நாள் ஈரல் என்பான் புரூனோ. தபால்காரன் லெஸ்டர், பெண்டாட்டி இல்லாத பத்து நாள் என்பான், ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கண்டுபிடித்தவன் மாதிரி. ஆர்வோ கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டுவார். தம்பி இல்மாரி மட்டும் சிரித்துக்கொண்டு வாயைத் துடைத்துக்கொள்வான்.

"சொல்லுடா."

"சொன்னா போயிரும்."

"எது போயிரும்?"

"அதான், அது."

அவ்வளவுதான். குறடு போட்டாலும் அவன் வாயிலிருந்து அதற்கு மேல் வராது.

இல்மாரி ஆர்வோவைவிட இரண்டு வயது இளையவன், மர அறுவை மில்லில் வேலை. கேம்ப்புக்குப் போகிற சாலையில்தான் அவன் வீடு. பதினான்காம் தேதி மத்தியானம் ஆர்வோ தன் பழைய பிக்கப் வண்டியை அந்த வீட்டு வாசலில் நிறுத்துவார். இறங்க மாட்டார். ஹார்ன் அடிப்பார். நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு. சளி பிடித்த பசு கத்துகிற மாதிரி இருக்கும் அந்த ஹார்ன். அடித்து முடிப்பதற்குள் இல்மாரி பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிடுவான். பின்னாலேயே அவன் பெண்டாட்டி எல்மா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"மானக் கொண்டு வராட்டியும் பரவால்ல. ரெண்டு பேரும் சளியக் கொண்டு வந்துராதீங்க!"

அந்த எல்மா ஒரு ஏப்ரல் மாதம் போய்விட்டாள். வயிற்றில் கட்டி. கிறிஸ்துமஸுக்குத் தெரிந்தது, பனி உருகும்போது முடிந்தது. பிள்ளை குட்டி இல்லை. கல்லறைக்கு ஆர்வோ வந்தார், தம்பியின் பக்கத்தில் நின்றார், தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். பனி எத்தனை அடி விழுந்தது என்று நாள் முழுக்கப் பேசுவார்கள். மனசில் என்ன விழுந்தது என்று கேட்டால் விறகு வெட்டப் போய்விடுவார்கள்.

அந்த நவம்பரிலும் ஹார்ன் அடித்தது, இல்மாரி வந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் இல்லை. மேல்கோட்டுக்கு உள்ளே புதுச் சட்டை போட்டிருந்தான், சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. நன்றாக இருக்கிறதே என்று ஆர்வோ நினைத்தார். சொல்லவில்லை.

முதல் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் சதுப்புப் பக்கம் ஒரே ஒரு வெடி கேட்டது. இல்மாரி உட்கார்ந்த இடம். ஆர்வோ போய்ப் பார்த்தபோது அவன் தேவதாருக் கிளைகளால் கட்டிய மறைப்புக்குள் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே பனியில் பெரிய குளம்புத் தடம். தடம் நின்ற இடத்திலிருந்து அவன் இருந்த இடத்துக்குக் கல்லெறி தூரம்கூட இல்லை. ரத்தம் ஒரு சொட்டு இல்லை.

"இதையாடா விட்ட? இத என் மாமியாளே சுட்டிருப்பாளே!"

இல்மாரி எழுந்து பனியைத் தட்டிவிட்டுக்கொண்டான்.  ஆர்வோவுக்கோ கால் தரையில் பாவவில்லை. இல்மாரி இதுவரை குறி தவறியதே இல்லை, அவன் துண்டு சுவரில் ஒன்றுகூட இல்லை. சாயங்காலம் வரட்டும் என்று நாளெல்லாம் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

சாப்பாட்டு மேஜை சுத்தமானதும் கத்தரிக்கோல் வந்தது. புரூனோ தட்டில் கரண்டியால் தாளம் போட்டான். லெஸ்டர் நீதிபதி மாதிரி போர்வையைப் போர்த்திக்கொண்டு தீர்ப்பு வாசித்தான்.

"இந்த வருஷம் வேணாம், ஆர்வோ" என்றான் இல்மாரி.

"ஓஹோ! ஐயாவுக்குத் தனிச் சட்டமா?"

"பையில வேற சட்டை இருக்கு. அதுல வெட்டிக்க."

"எந்தச் சட்டையில தப்பு விட்டியோ அந்தச் சட்டைதான். புரூனோவோட ஞாயித்துக்கிழமைச் சட்டையவே வெட்டுனேன். நீ என்ன பெரிய கவர்னரா?"

"ஆர்வோ."

அந்த ஒரு வார்த்தையை அவன் சொன்ன விதத்தை ஆர்வோ பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார். அப்போது காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. சுற்றிலும் சிரிப்பு, அடுப்பில் சூடு, கையில் கத்தரிக்கோல். தம்பியைத் தோளைப் பிடித்துத் திருப்பினார், சட்டையை இடுப்பிலிருந்து உருவினார், சரக்கென்று வெட்டினார். இல்மாரி திமிறவில்லை. இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றான். முடிந்ததும் சட்டையை உள்ளே சொருகிக்கொண்டு பாத்திரம் கழுவப் போனான். அன்று அவன் முறைகூட இல்லை.

மறுநாள் காலை புரூனோ தன் மானை டவுனுக்கு ஏற்றிக்கொண்டு போனபோது இல்மாரியும் அந்த வண்டியில் போய்விட்டான். முதுகு வலி என்றான்.

"தோத்தா தாங்க மாட்டான். சின்ன வயசுலருந்தே அப்படித்தான்" என்றார் ஆர்வோ. துண்டில் பெயர் எழுதி, சுவரில் நல்ல இடமாகப் பார்த்து ஆணி அடித்தார்.

சீசன் முடிந்து வீட்டுக்கு வந்து, சூப்பைக் குடித்துக்கொண்டே இந்தக் கதையைப் பெண்டாட்டி சிக்னேயிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"என்ன சட்டை?"

"செவப்பு, கறுப்புக் கட்டம். புதுசு."

சிக்னே கரண்டியைக் கீழே வைத்தாள். "அது எல்மா தெச்சது. படுக்கையில கெடந்துக்கிட்டே தெச்சா. மிஷின்ல உக்கார முடியல, கீழ்மடிப்பு முழுக்கக் கையாலயே போட்டா. ஊசி கோக்க நான்தான் போவேன். அதையா வெட்டுன?"

ஆர்வோவின் முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்குத் தெரியாதே."

"அவன் வேணாம்னு சொன்னானா இல்லையா?"

"சொன்னான்."

சூப் ஆறிப்போனது. அன்று தொடங்கிய வலி அது.

போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சொல்லலாம் என்று நினைத்தார். கோயில் வாசலில் தம்பியைப் பார்த்ததும் தொண்டை வரை வந்ததை மென்று விழுங்கிவிட்டு, "ரோடு வழுக்குது, பாத்துப் போ" என்றார். இல்மாரியும் "ஆமா, வழுக்குது" என்றான். இப்படியே அடுத்த நவம்பர் வந்துவிட்டது.

பதினான்காம் தேதி வண்டியை எடுத்தார். தம்பி வீடு நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்தார். பட்டப்பகலில் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கை ஹார்ன்மேல் இருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அடிப்பது? அவன் வெளியே வராவிட்டால்? வந்து, போ என்று சொல்லிவிட்டால்? விளக்கைப் போட்டு வைத்துக்கொண்டு, நான் போகிறதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறான் போல என்று தோன்றியது. அடிக்காமலே போய்விட்டார்.

அடுத்த வருஷமும் அப்படித்தான் போனார். அதற்கடுத்த வருஷம் வேகத்தைக்கூட அவ்வளவாகக் குறைக்கவில்லை. விளக்கு மட்டும் ஒவ்வொரு வருஷமும் எரிந்தது.

கேம்ப் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் உப்புப் போடாத கஞ்சியாக நடந்தது. புதிதாக வந்தவன் எவனோ குறி தவறிவிட்டு அவனாகவே சட்டையை உருவிக்கொண்டு வந்து நின்றபோது ஆர்வோ கத்தரிக்கோலை லெஸ்டரிடம் நீட்டிவிட்டார். மேஜையைச் சுற்றி, எது பிடிக்கும் என்ற அந்தக் கேள்வி வந்தால் விறகு எடுத்து வருகிறேன் என்று வெளியே போய்விடுவார். இருட்டில் நின்று யோசிக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. பிடித்தது கத்தரிக்கோலே இல்லை. விடியுமுன் மறைப்புக்குள் குளிரில் விறைத்து உட்கார்ந்திருக்கும்போது, சதுப்புக்கு அந்தப் பக்கம் தம்பியும் இதே போல விறைத்து உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான். கைக்கெட்டும் தூரத்தில் சின்னப் பறவை ஒன்று துப்பாக்கிக் குழாயில் வந்து உட்கார்ந்தால், சாயங்காலம் அவனிடம் சொல்ல வேண்டும் என்று எடுத்து வைத்துக்கொள்வார். இப்போதும் பறவை வந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை.

வருஷங்கள் ஓடின. ஆர்வோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். புரூனோ போய்ச் சேர்ந்தான். ஒரு குளிர்காலம் பனிப் பாரம் தாங்காமல் கேம்ப்பின் கூரை பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. வசந்தத்தில் போய்ப் பார்த்த ஆர்வோ, ஊறிப்போன துணிகளையெல்லாம் ஆணி பிடுங்கிக் கொண்டுவந்து வீட்டுக் கொடியில் காயப்போட்டார். சிக்னே வந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவள் சிவப்பும் கறுப்புமான துண்டின் முன் நின்றாள். கீழ்மடிப்பில் நூல் அப்படியே இருந்தது. அதை எடுத்து அலசி, இஸ்திரி போட்டு, மடித்துக் கணவர் கையில் வைத்தாள்.

"நீ போறியா, நான் போகட்டுமா?"

போனார். இல்மாரி வீட்டுப் பின்பக்கம் வெயிலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு விதைத்துண்டு நறுக்கிக்கொண்டிருந்தான். ஆர்வோ மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. நிழல் மேலே விழுந்ததும்தான் நிமிர்ந்தான். மில்லும் துப்பாக்கியும் சேர்ந்து அவன் காதைத் தின்றுவிட்டன என்று ஆர்வோ கேள்விப்பட்டிருந்தார், இவ்வளவு என்று தெரியாது.

"காதுக்கு மிஷின் ஒண்ணு குடுத்தாங்க" என்றான் இல்மாரி. "காதுக்குள்ள ஈ புகுந்த மாதிரி இருக்கு. அலமாரியில போட்டுட்டேன். நீ சத்தமாப் பேசு."

ஆர்வோ துண்டை நீட்டினார். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். மடிப்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான்.

"மன்னிச்சிருடா" என்றார் ஆர்வோ.

"என்ன?"

"மன்னிச்சிரு!"

"சத்தமாச் சொல்லுன்னேன்ல?"

இத்தனை வருஷம் முணுமுணுப்பாகக்கூட வெளியே வராத வார்த்தையை ஆர்வோ தொண்டை கிழியக் கத்தினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவருடைய கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

இல்மாரி உள்ளே போய்ச் சட்டையை எடுத்துவந்தான். பின்பக்கம் வெட்டுப்பட்ட இடத்தில் நீலப் பூப்போட்ட துணி வைத்துத் தைத்திருந்தது. எல்மாவின் சமையல் ஏப்ரன். தையல் கோணல்மாணலாக, கரடி தைத்த மாதிரி இருந்தது.

"நானே போட்டேன்" என்றான். "அந்த மான் வந்து நின்னுச்சு பாரு, அப்படி ஒரு கொம்பு. வீட்டுக்குப் போனதும் எல்மாகிட்டச் சொல்லணும்னு நெனச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. கை ஆடிருச்சு."

"நீ சொல்லிருக்கலாமேடா!"

"எப்படிச் சொல்றது? புரூனோ தட்டுல தாளம் போட்டுக்கிட்டு இருக்கான்." சிரிக்கப் பார்த்தான். "கோவம்தான். ஒரு வாரம் இருக்கும். கிறிஸ்துமஸுக்குள்ள எல்லாம் போயிருச்சு."

"போயிருச்சா? அப்புறம் ஏன் வரல நீ?"

இல்மாரி அவரை ஆச்சரியமாகப் பார்த்தான். "நீ ஹார்ன் அடிக்கலையே."

ஆர்வோ பக்கத்தில் கிடந்த கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"பையக் கட்டி வெச்சிருந்தேன். நான் தயாரா இருக்கேன்னு தெரியட்டும்னு வெளக்கையும் போட்டேன். நீ வந்த, மெதுவா ஓட்டுன, போயிட்ட. என்னால கேம்ப்போட சந்தோஷம் கெட்டுச்சுன்னு உனக்குக் கோவம்னு நெனச்சேன். அடுத்த வருஷம் அடிப்பியான்னு பாத்தேன்." நறுக்கிய கிழங்குகளை வாளியில் தள்ளினான். "அப்பல்லாம் கேப்பியே, எனக்கு எது புடிக்கும்னு. இப்பச் சொன்னா என்ன? மானும் இல்ல, ஈரலும் இல்ல. நீ வாசல்ல வந்து அடிக்கிற அந்த ஹார்ன்தான். காலையில இருந்தே காது அங்கதான் இருக்கும். எல்மா சிரிப்பா. அது கேட்டுட்டா எனக்குப் பாதி சீசன் முடிஞ்ச மாதிரி. மிச்சமெல்லாம் சும்மா குளிர்ல உக்கார்றதுதான்."

ஆர்வோ வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கையில் உருட்டினார். எத்தனை நவம்பர்கள்! இரண்டு கிழவர்கள் ஒரு சாலையின் இரண்டு பக்கமும் ஒருவர் கோபத்துக்கு ஒருவர் பயந்துகொண்டு, இல்லாத கோபத்துக்கு.

"இந்த வருஷம் வா" என்று கத்தினார். "கூரையப் போட்டுர்றேன். சுட வேணாம், சும்மா அடுப்புகிட்ட உக்காரு."

"ஹார்ன அடி. வர்றேன்" என்றான் இல்மாரி.

கோடை முழுக்க ஆர்வோ கூரை வேலை பார்த்தார். லெஸ்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நொட்டைச் சொல் சொன்னான். சுவரில் மறுபடி துணி எதையும் அடிக்கவில்லை.

பதினான்காம் தேதி லேசாகப் பனி தூறியது. தம்பி வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. ஆர்வோ வண்டியை நிறுத்தி, நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு அடித்தார். பழைய பிக்கப் எப்போதோ போய்விட்டது, இந்த வண்டியின் ஹார்ன் மெலிசு. ஆனாலும் தெருக்கோடி வரை கேட்கும். கதவு திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தார். ஆள் அரவமே இல்லை.

வர மாட்டேன் என்று முடிவு பண்ணிவிட்டான். அதுவும் நியாயம்தானே. யோசித்துப் பார்த்திருப்பான், மன்னிப்புக் கேட்க இத்தனை வருஷம் ஆக்கியவனோடு என்ன கேம்ப் என்று தோன்றியிருக்கும்.  ஆர்வோவின் கை தானாகக் கியரைப் பிடித்தது. போட்டும் விட்டார். வண்டி ஓரடி நகர்ந்தபோது முன்பக்க ஜன்னல் கண்ணில் பட்டது.

உள்ளே இல்மாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காதுமடல் வைத்த தொப்பி, மேல்கோட்டு, மடியில் பை. கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆர்வோ பிரேக்கை மிதித்தார். எஞ்சினைக்கூட அணைக்காமல் இறங்கினார். பனியில் தடம் பதிய நடந்து, படியேறி, கதவைத் தள்ளினார். பூட்டியிருக்கவில்லை. போய்த் தம்பியின் தோளில் கை வைத்தார்.

இல்மாரி திடுக்கிட்டு நிமிர்ந்தான். முகம் மலர்ந்தது.

"அடிச்சியா?"

ஆர்வோ தலையாட்டினார்.

"நீளமா ஒண்ணு, குட்டியா ரெண்டு?"

மறுபடி தலையாட்டினார்.

"அப்போ சரி" என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான் இல்மாரி. கோட்டுக்குக் கீழே நீலப் பூத்துணி எட்டிப் பார்த்தது. வாசலில் விளக்கை அணைத்தான்.

ஆர்வோ நிலைப்படியில் நின்று வெளியே பார்த்தார். வண்டி அங்கேதான் நின்றது. இந்தக் கதவுக்கும் அதற்கும் நடுவில் தன் காலடித் தடம் மட்டும் கிடந்தது. இவ்வளவுதானா, இவ்வளவு தூரம்தானா என்று நினைத்தபோது அவருக்குக் கால் நகரவில்லை.

"என்ன நிக்கிற?" என்றான் இல்மாரி படியிறங்கிக்கொண்டே. "வண்டி ஓடிக்கிட்டு இருக்கு, பெட்ரோல் என்ன சும்மாவா வருது?"